கடைமடையில் அளக்க வேண்டும்

ஓர் ஆற்றைக் காப்பாற்ற அரசு என்ன செய்திருக்கிறது என்று கேட்டால், கிடைக்கும் பதில் பெரும்பாலும் கட்டியதையும் செலவழித்ததையும் பற்றியதாகவே இருக்கும். இத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள், இத்தனை கோடி ரூபாய், இத்தனை ஆலைகளுக்கு நோட்டீஸ், இத்தனை இடங்களில் மின் இணைப்புத் துண்டிப்பு என்று பட்டியல் நீளும். அந்த ஆற்றின் கடைமடையில் இன்று ஓடும் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சலாமா, மாடு குடிக்குமா, போன ஆண்டைவிட உப்பு குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்பதற்கு அந்தப் பட்டியலில் பதில் இருக்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளில் மாதிரி எடுக்கிறது, பரிசோதிக்கிறது, எண்களைப் பதிவும் செய்கிறது. ஆனால் அந்த எண் மோசமானால் எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் திட்டமும் தோற்றதாகக் கருதப்படுவதில்லை. மகசூலைப் பார்க்காமல் போட்ட உரமூட்டைகளை எண்ணி வெள்ளாமை எப்படி என்று சொல்வதைப் போன்றது இது. நம் ஆறுகளைக் காக்கும் முயற்சியில் சட்டத்துக்கோ தொழில்நுட்பத்துக்கோ பெரிய பஞ்சமில்லை. அளவுகோலை எங்கே வைப்பது என்பதில்தான் அடிப்படைப் பிழை இருக்கிறது. அதை ஆலை வாசலில் இருந்தும் கட்டுமானப் பணியிடத்தில் இருந்தும் எடுத்து, ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஊன்ற வேண்டும். நொய்யல் ஆற்றின் கடந்த முப்பது ஆண்டுக் கதை இதை ஐயமறக் காட்டுகிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் நொய்யல், ஒரு காலத்தில் அணைக்கட்டுகளாலும் குளங்களாலும் கொங்கு நாட்டின் வறண்ட பகுதிகளுக்குப் பாசனம் தந்த ஆறு. 1980களில் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வேகம் பிடித்தது. கூடவே சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஆற்றின் இரு கரையிலும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற ஏராளமாக உப்பு போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டுக் கழிவு நீரோடு அப்படியே வெளியேறும். நொய்யலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும். கண்ணுக்குத் தெரியும் நிறத்தைச் சுண்ணாம்பும் இரும்பு உப்புகளும் போட்டுப் படியவைத்து நீக்கிவிடலாம். நாற்றத்தையும் ஓரளவு போக்கிவிடலாம். கரைந்த உப்பு அப்படிப் போகாது. 1990களின் இறுதியில் அரசு மானியத்தோடு கட்டப்பட்ட பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த முதல் வகை வேலையைத்தான் செய்தன. வெளியேற்றும் நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது. அதைச் சாதிக்கும் இயந்திரம் அந்த நிலையங்களில் இல்லை. நிலையம் கட்டி முடித்ததும் அரசின் கணக்கில் வேலை முடிந்தது. ஆற்றில் உப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த உப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஒரத்துப்பாளையம் அணை சொன்னது. சென்னிமலைக்கு அருகே, திருப்பூருக்குக் கீழே, ஈரோடு, கரூர் மாவட்ட விவசாயிகளின் பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அணை அது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணையின் தண்ணீர் வேண்டும் என்று கேட்டு வந்த ஆயக்கட்டு விவசாயிகளே, அதை எங்கள் நிலத்துக்குத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. தேக்கினால் சுற்றுக் கிராமங்களின் கிணறுகள் உப்பாகின. திறந்தால் கீழே இருந்த வயல்களும் காவிரியும் கெட்டன. மக்களின் வரிப்பணத்தில் கட்டிய ஒரு பாசன அணையைப் பாசனத்துக்குப் பயன்படுத்தாமல் காலி செய்து வைக்க வேண்டியிருந்ததைவிடக் கடுமையான தணிக்கை அறிக்கை எதுவும் இருக்க முடியாது. ஆனால் அது எந்தத் துறையின் தோல்வியாகவும் பதிவாகவில்லை. பொதுப்பணித் துறை அணை கட்டியது. வாரியம் நிலையங்களுக்கு அனுமதி கொடுத்தது. தொழில்துறை ஏற்றுமதியை வளர்த்தது. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தார்கள். அணைக்குள் இருந்த தண்ணீருக்கு மட்டும் பொறுப்பாளர் இல்லை.

எனவே ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவையும் வெளியேற்றாத நிலையை 2007 ஜூலைக்குள் எட்ட வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை உறுதி செய்து மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அந்தக் கெடுவும் கடந்து போனது. கடைசியில் அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. 2006க்கும் 2011க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை நாம் உற்றுப் பார்க்க வேண்டும். தீர்ப்பு இருந்தது, அபராதம் இருந்தது, கெடு இருந்தது, முதலீடும் ஓரளவு நடந்தது. ஆற்றில் மாற்றம் வரவில்லை. பைசாக் கணக்கில் கட்டும் அபராதம் தொழில் நடத்தும் செலவுகளில் ஒன்றாகிவிட்டது. ஆறு மேம்படாவிட்டால் தொழில் நிற்கும் என்ற நிலை வந்தபோதுதான் எல்லோரும் அசைந்தார்கள்.

இங்கே எழும் முதல் எதிர்வாதம் நியாயமானது. அதை ஒதுக்கிவிட முடியாது. மூடல் உத்தரவால் லட்சக்கணக்கான தொழிலாளர்களின் பிழைப்பு பாதிக்கப்பட்டது. சிறு ஜாப்-ஒர்க் பட்டறைகள் பல மீளவே இல்லை. சூழலைக் காக்கிறோம் என்ற பெயரில் ஓர் ஊரின் அடுப்பை அணைக்கலாமா என்று அப்போது கேட்டார்கள். அந்தத் துயரம் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் ஆற்றை அளவுகோலாக வைத்தது அல்ல. பதினைந்து ஆண்டுகள் அப்படி வைக்காமல் விட்டது. 1990களிலேயே உப்பை நீக்கும் நிலையம் வேண்டும் என்று சொல்லி, அதற்கான பணத்தையும் அவகாசத்தையும் அரசு கொடுத்திருந்தால் ஒரே நாளில் ஊரை இருட்டாக்கும் உத்தரவு தேவைப்பட்டிருக்காது. அரசின் பணம் வரவே இல்லை என்பதல்ல, காலம் கடந்து வந்தது: 2010-11 மத்திய பட்ஜெட்டில் திருப்பூரின் கழிவு வெளியேற்றமில்லா நிலையங்களுக்காகத் தமிழ்நாட்டுக்கு 200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது, மாநில அரசும் வட்டியில்லாக் கடன் வழங்கியது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கிகளில் வற்றவைத்து உப்பை மீட்டெடுப்பது, உப்புக் கரைசலையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துவது என்ற முறைகள் இங்கேயே செம்மைப்பட்டன. தொழில் அழியவில்லை. மூடல் நடந்த காலத்தில் 12 ஆயிரம் கோடி ரூபாய் அளவில் இருந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25இல் ஏறத்தாழ 40 ஆயிரம் கோடியைத் தொட்டது. விலைவாசியையும் ரூபாய் மதிப்புச் சரிவையும் கழித்துப் பார்த்தாலும் இது வளர்ச்சிதான். தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதை வெளிநாட்டு வாங்குநர்களிடம் தம் சிறப்பாகவே திருப்பூர்க்காரர்கள் இன்று எடுத்துச் சொல்கிறார்கள். கண்டிப்பு வந்தால் தொழில் போய்விடும் என்ற அச்சம் இந்த ஊரில் சோதித்துப் பார்க்கப்பட்டு, தவறென்று தெரிந்த ஒன்று.

அப்படியானால் நொய்யல் மீண்டுவிட்டதா? இல்லை. அளவுகோலைப் பற்றிய வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. நீதிமன்றம் வேறு வழியின்றிப் பட்டறைகளைக் குறிவைத்தது. அரசும் அதையே தன் வேலையின் எல்லையாக எடுத்துக்கொண்டது. உறுப்பினர் பட்டறைகள் பொது நிலையத்தோடு இணைந்துவிட்டன, நிலையம் கழிவை வெளியேற்றுவதில்லை, ஆகவே கடமை முடிந்தது. ஆனால் கோவை மாநகரிலும் வழிநெடுகிலும் உள்ள ஊர்களின் சாக்கடை நொய்யலில்தான் விழுகிறது. அனுமதியில்லாமல் ஒதுக்குப்புறத்தில் நடக்கும் பட்டறைகள் மழை இரவுகளில் கழிவைத் திறந்துவிடுகின்றன. வெள்ளத்தோடு நுரை பொங்கி வரும் காட்சி ஆண்டுதோறும் செய்தியாகிறது. வற்றவைத்த பிறகு மிஞ்சும் கலப்பு உப்பையும் கசடையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற சிக்கலும் முழுமையாகத் தீரவில்லை. இன்னொரு கொடுமையும் நடந்தது. ஓர் ஊரில் கண்டிப்பு கூடியதும் வேலையில் ஒரு பகுதி வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் காவிரிக் கரையோரம் அனுமதியற்ற சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும், அவை வேறு பெயரில் முளைப்பதும் வழக்கமாகிவிட்டது. பட்டறையை மட்டும் எண்ணினால், இடித்தவை சாதனைக் கணக்கில் ஏறும். காவிரித் தண்ணீரை அளந்தால்தான் அந்தச் சாதனையின் உண்மை மதிப்பு தெரியும்.

நாட்டளவில் பார்த்தாலும் கதை இதுதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாட்டில் 351 ஆற்றுப் பகுதிகள் மாசடைந்தவை என்றது. 2022 அறிக்கையில் அது 311 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் இந்தப் பட்டியல் உயிரிவேதி ஆக்சிஜன் தேவை என்ற ஒரே அளவை வைத்துத் தயாரிக்கப்படுகிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் மாசடைந்த பகுதி. சாக்கடையைக் கண்டுபிடிக்க இது சரியான அளவு. உப்பை இது கண்டுகொள்ளாது. சாயப்பட்டறையாலோ தோல் பதனிடும் ஆலையாலோ பாசனத்துக்கே லாயக்கற்றுப்போன ஓர் ஆறு, இந்த அளவில் தேர்ச்சி பெற்றுப் பட்டியலில் இருந்து விடுபடக்கூடும். பாசன நீருக்கு இவ்வளவு மின் கடத்துதிறன்தான் இருக்கலாம் என்று அதே வாரியம் வகுத்த வரம்பு இருக்கிறது: சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோமோ. விவசாயியின் வாழ்வைத் தீர்மானிக்கும் அந்த எண், ஆற்றின் நலத்தைத் தீர்மானிக்கும் பட்டியலுக்குள் வருவதில்லை.

செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்கு ஐயமில்லை. மாசுபட்ட ஒவ்வோர் ஆற்றுக்கும் சில இடங்களை அரசாணை மூலம் குறிக்க வேண்டும். நொய்யலில் என்றால் கோவைக்கு மேலே ஒன்று, கோவையைக் கடந்ததும் ஒன்று, திருப்பூருக்குள் நுழையும் இடத்தில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று, ஒரத்துப்பாளையத்தில் ஒன்று, காவிரியில் கலக்கும் முன் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் உப்பு, ஆக்சிஜன் தேவை, கன உலோகம் ஆகியவற்றுக்கு ஆண்டுவாரியாகக் குறையும் இலக்கு வைக்க வேண்டும். அந்த இலக்கு எட்டப்பட்டதா என்பதே மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், வாரியத்தின் மாவட்டப் பொறியாளர் ஆகியோரின் பணி மதிப்பீட்டில் முதல் வரியாக இருக்க வேண்டும். திட்டத்தின் அடுத்த தவணை நிதி கட்டடம் எழுந்ததைப் பார்த்து விடுவிக்கப்படக் கூடாது; தண்ணீர் மேம்பட்டதைப் பார்த்துத்தான் விடுவிக்கப்பட வேண்டும். அளவுகள் அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில், பாசனத்துக்கு ஆகும், ஆகாது என்று விவசாயிக்குப் புரியும் தமிழில் எழுதிப் போடப்பட வேண்டும். கழிவை உடனுக்குடன் கண்காணித்து அந்தத் தரவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. கிண்டியில் வாரியத்தின் கண்காணிப்பு மையத் திரைகளில் எண்கள் ஓடுகின்றன. அந்த எண்களைக் கார்வழியில் ஆத்துப்பாளையம் நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கும் விவசாயி பார்க்க வழி செய்வதுதான் பாக்கி.

இதற்கு வாரிய வட்டாரங்களில் இருந்து எழும் எதிர்வாதம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஆற்றில் அளந்தால் உப்பு கூடியிருக்கிறது என்று தெரியும். யார் கூட்டினார்கள் என்று தெரியாது. வழக்குப் போட வேண்டுமானால் ஆலையின் வாய்க்காலில் மாதிரி எடுத்தால்தான் முடியும். 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் 21ஆம் பிரிவில் முன்னறிவிப்பு, மாதிரியை இரண்டாகப் பிரித்தல், முத்திரையிடல் என்று ஒரு நடைமுறையை விதிக்கிறது. அப்படி எடுக்காத மாதிரி நீதிமன்றத்தில் நிற்காது. இதெல்லாம் சரி. ஆனால் ஆற்றை அளப்பது குற்றவாளியைத் தண்டிக்கும் வழி என்று நான் சொல்லவில்லை. அதிகாரியை எழுப்பும் வழி என்கிறேன். இரண்டு அளவிடும் இடங்களுக்கு நடுவே உப்பு திடீரென்று ஏறினால், தேட வேண்டிய தூரம் சில கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மின் கடத்துதிறனைக் காட்டும் கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆயக்கட்டுச் சங்கத்தார் ஒருவர் வாய்க்காலில் அதை நனைத்து எடுத்த அளவு சாட்சியம் ஆகாது. ஆனால் அந்த அளவு வந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வாரியம் முறைப்படி மாதிரி எடுத்தாக வேண்டும் என்று விதி செய்ய யார் தடுக்கிறார்கள்? குடிமகனே புகார் தொடுக்க அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு இடம் தருகிறது, அறுபது நாள் முன்னறிவிப்போடு. மழை இரவில் திறந்துவிட்ட கழிவு அறுபது மணி நேரம்கூட அங்கே நிற்காது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட ஆழமானது. தொழிலதிபர்கள் கேட்கிறார்கள்: நாங்கள் கோடிகளைக் கொட்டி ஒரு சொட்டும் விடாமல் நிறுத்தியிருக்கிறோம், அரசின் உள்ளாட்சிகளே சாக்கடையை ஆற்றில் விடுகின்றன, எங்களுக்கு மட்டும் ஏன் கண்டிப்பு? இந்தக் கேள்வியில் நியாயம் நிறைந்திருக்கிறது. தண்ணீர்ச் சட்டத்தின் முன் மாநகராட்சியும் ஆலையும் ஒன்றே. ஆனால் மாநகராட்சிக்கு மின் இணைப்பைத் துண்டிக்க முடியாது. அபராதம் விதித்தால் அதுவும் மக்களின் வரிப்பணத்தில் இருந்துதான் போகும். அதனால்தான் ஆற்றை அளக்கும் முறை தேவைப்படுகிறது. ஆலையை மட்டும் கண்காணிக்கும் ஏற்பாட்டில் அரசு எப்போதும் நீதிபதியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆற்றை அளந்தால் அரசும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். நேர்மையாகச் செலவு செய்த பட்டறை உரிமையாளருக்கு அது பாதுகாப்பு: தம் பகுதியில் தண்ணீர் மாறவில்லை, கெடுதல் மேலிருந்தே வந்தது என்று அவர் ஆதாரத்தோடு காட்டலாம். இன்று அவரிடம் அந்த ஆதாரம் இல்லை. நுரை பொங்கினால் பழி முதலில் அவர்மேல்தான் விழுகிறது.

2024இல் தண்ணீர்ச் சட்டம் திருத்தப்பட்டு, பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம் வைக்கப்பட்டது. முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்கு என்று வந்த இந்தத் திருத்தம் மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளக் கூடியது. சிறைத் தண்டனை நடைமுறையில் அரிதாகவே விதிக்கப்பட்டது என்பதால் இதில் பெரிய இழப்பில்லை என்கிறார்கள். லிட்டருக்கு இத்தனை பைசா என்ற அபராதம் நொய்யலில் என்ன சாதித்தது என்று தெரிந்தவர்கள் இதைக் கவலையோடுதான் பார்ப்பார்கள். மாறாக, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சூழலுக்கு நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யும் இழப்பீட்டை வாரியங்களே விதிக்கலாம் என்று தீர்ப்பளித்திருப்பது பயனுள்ள ஆயுதம். ஆனால் சேதம் எவ்வளவு என்று சொல்ல, சேதத்துக்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது என்ற தொடர்ச்சியான பதிவு வேண்டும்.

கடைசியாக ஓர் அச்சம். இது விவசாயிகளின் பக்கமிருந்தே வரக்கூடியது. எங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டது என்று பலகையில் எழுதிப் போட்டால் நிலத்தின் விலை சரியும், காய்கறி வாங்க ஆள் வராது, பெண் கொடுக்கவும் தயங்குவார்கள். இந்த இழப்பைச் சிறிதென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பதிவு இல்லாமல் இருப்பதால் நேரும் இழப்பு இன்னும் பெரிது என்பதைப் பாலாற்றங்கரை காட்டுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக 1991இல் தொடுக்கப்பட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் நிலைநாட்டியது. இந்தியச் சூழல் சட்டத்தின் அடித்தளமாகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் தீர்ப்பு அது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், விடுபட்ட இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் மாநில அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், ஆற்றைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. மூலத் தீர்ப்பு வந்தபோது பிறந்த பிள்ளைக்கு அதற்குள் இருபத்தெட்டு வயது. எந்தக் கிணறு எந்த ஆண்டில் கெட்டது, எந்த வயல் எப்போது தரிசானது என்பதை இத்தனை காலம் கழித்து நிறுவும் சுமையையும் பாதிக்கப்பட்டவர்களே சுமக்க வேண்டியிருக்கிறது. மாதந்தோறும் கடைமடையில் அளந்து, ஊராட்சிப் பதிவேட்டில் அதிகாரியின் கையொப்பத்தோடு எழுதிய எண் இருந்தால், நொய்யல், பாலாற்றுக் கரைகளில் அடுத்த முறை இழப்பீடு கேட்டு நிற்கும் விவசாயி தன் கிணறு கெட்ட மாதத்தை அந்தப் பதிவேட்டிலேயே விரல் வைத்துக் காட்டிவிடலாம்.